சிலுப்பியின் கனம்

கடல் தன்னிடம் வந்த எதையும் வைத்துக்கொள்ளாது, என்றைக்காவது திருப்பித் தந்துவிடும், ஆனால் வாங்கின உருவத்தில் தராது என்று வலம்புரித்துறையில் ஒரு பேச்சு உண்டு. வெளியூர்க்காரன் எவனாவது அதைக் கேட்டுச் சிரித்தால், கித்தேரி வீட்டுக் குருவியைத் தெரியுமா உமக்கு என்பார்கள். தெரியாது என்றால் அவனை உட்காரவைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, உத்திரத்துக் கொக்கி வளைந்த கதையிலிருந்து தொடங்குவார்கள். நாமும் அங்கிருந்தே தொடங்கலாம்தான், ஆனால் கொக்கிக்கு முன்னால் குருவி இருக்கிறது, குருவிக்கு முன்னால் தொம்மை இருக்கிறான்.

தொம்மை கித்தேரியின் புருஷன், வள்ளத்தில் கடல்தொழிலுக்குப் போய்வருகிறவன், கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு என்று பேர் வாங்கியவன். அந்த வயிற்றையும் ஒரு வருஷம் மஞ்சள்காமாலை பிடித்து உலுக்கிவிட்டது. கித்தேரி மாதா கோயிலில் முழங்காலிட்டு, இவர் பிழைத்தால் எடைக்கு எடை உப்பு தருகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். பிழைத்தான். மீன் ஏலக்கூடத்துப் பெரிய தராசில் ஒரு தட்டில் அவனை உட்காரவைத்து மறுதட்டில் உப்பைக் கொட்டினார்கள், அறுபத்துநாலு கிலோ பிடித்தது. "காமாலைக்கு முன்னால நேந்திருந்தா மாதாவுக்கு இன்னும் நாலு கிலோ கூடக் கிடைச்சிருக்குமே" என்று தட்டில் சம்மணம் போட்டபடி அவன் சொன்னதற்குப் பங்குச்சாமியாரே சிரித்துவிட்டார், அதனால் தொம்மையின் எடை ஊருக்கே மனப்பாடம்.

பிழைத்து எழுந்த கையோடு டவுனுக்குப் போய், கசாலி பாய் கடையிலிருந்து ஒற்றைக் குருவியை வாங்கிவந்தான். வானநீல வயிறு, கழுத்தில் கறுப்புப் புள்ளி, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. கடையில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்கிற சாதி. சோடியாகத்தானே வாங்குவார்கள் என்று கித்தேரி கேட்டதற்கு, இதுவும் நம்மைப் போலத்தான், பிள்ளை இல்லாமல் பழகட்டும் என்றான். அவளுக்குச் சுருக்கென்றது, அவனுக்கும் சுருக்கென்றிருக்க வேண்டும், அன்றைக்கு முழுவதும் அவன்தான் சமைத்தான். ஆளைக் கண்டால் இறகை விரித்துச் சிலுப்பிக்கொள்வதால் குருவிக்குச் சிலுப்பி என்று பெயர் வைத்தான்.

சிலுப்பிக்குத் தின்னத் தினையும் கம்பும், இரண்டு நாளைக்கு ஒருமுறை முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அவித்த முட்டை கொஞ்சம். எல்லாவற்றுக்கும் மேலே கணவாய் ஓடு. கணவாய் மீனின் முதுகுக்குள் இருக்கும் வெள்ளைவெளேர் என்ற ஓடு, சின்ன வள்ளம் மாதிரி இருக்கும். மீன் செத்தால் ஓடு மிதந்து கரைக்கு வரும், வலம்புரித்துறைப் பிள்ளைகள் காலால் எத்தி விளையாடும். கூட்டில் சொருகிவைத்தால் குருவி அலகைத் தேய்த்துத் தேய்த்துத் தின்னும், அதிலுள்ள சுண்ணாம்புச்சத்தால்தான் அதற்கு எலும்பும் முட்டை ஓடும் உறுதியாகும். டவுன் கடையில் அதையே கம்பி கட்டி, பிளாஸ்டிக் உறையில் போட்டு விற்பதைப் பார்த்துத் தொம்மை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறான். கடலிலிருந்து எந்த நாள் வெறுங்கையோடு வந்தாலும் மடியில் ஒரு ஓடு இருக்கும், அதைப் பேனாக்கத்தியால் சுரண்டிக் குருவிக்கு ஊட்டிவிட்டுத்தான் குளிக்கப் போவான்.

ஒரு கார்த்திகை மாதத்துக் காற்றில் அந்த வள்ளம் திரும்பவில்லை. தொம்மையோடு போனவன் அடுத்த வீட்டு அமலோற்பவத்தின் மகன் ரெமிஜியூஸ், இன்னும் மீசை கனக்காதவன். பலகை வந்தது, வலையில் பாதி வந்தது, ஆட்கள் வரவில்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு ஊரில் ஒரு வழக்கம் இருந்தது, உடுத்திய சட்டையைப் பெட்டியில் வைத்து மண்ணுக்குக் கொடுப்பார்கள். அமலோற்பவம் மகனின் நீலச் சட்டையைக் கொடுத்தாள், கொடுத்த மறுநாளே கல்லறைக்குப் போய் அதைத் தோண்டித் தரச்சொல்லிக் கேட்டு அழுதாள். கித்தேரி கொடுக்கவே இல்லை.

"சட்டைக்கு எதுக்கு சாமி அடக்கம்? சட்டையா என்னக் கெட்டிச்சு?" என்று சாமியாரிடம் கேட்டாள். "ஆள் வரட்டும். வந்து கிடந்தாவன்னா நானே குழி வெட்டுதேன். அதுவரைக்கும் அவிய உசுரோட இருக்காவ."

அவள் வளையலைக் கழற்றவில்லை, மீன்குழம்பில் அவன் பங்குத் தலையை எடுத்துவைப்பதை நிறுத்தவில்லை, விடிந்தால் கரைக்குப் போவதையும் நிறுத்தவில்லை. போனால் கடலைப் பார்த்து நிற்பாள், நின்று கால் வலித்தால் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓடு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வருவாள், அவன் திரும்பிவந்து குருவி மெலிந்திருப்பதைக் கண்டால் சும்மா விடமாட்டான் என்ற பயம் அவளுக்கு. வீட்டுக்கு வந்து அவனுடைய பேனாக்கத்தியால் சுரண்டி ஊட்டுவாள். அப்படியிருக்கும்போதுதான் உத்திரத்துக் கொக்கி வளைந்தது.

துருப்பிடித்திருக்கும் என்று நினைத்து வேறு கொக்கி மாட்டினாள், அதுவும் வளைந்தது. கூட்டை இறக்கியபோது தண்ணீர்க்குடத்தை இறக்குவதுபோல் கை இழுத்தது. கதவைத் திறந்து குருவியைத் தூக்கிப் பார்த்தாள், அதே நீலம், அதே உள்ளங்கை அளவு, ஆனால் ஆட்டுக்குட்டியின் கனம். சிலுப்பி அவளைப் பார்த்து வழக்கம்போலச் சிலுப்பிக்கொண்டது.

கூட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, தொடை மரத்துப்போக, டவுனில் இறங்கினாள். கசாலி பாய் குருவியைக் கையில் வாங்கினார், கை கீழே போனது, மேலே கொண்டுவந்தார். முப்பது வருஷமாகக் குருவி விற்கிறவர், ஆச்சரியப்பட்டால் வியாபாரம் கெடும் என்று தெரிந்தவர்.

"சூரியகாந்தி விதை குடுத்தியாம்மா?"

"எப்பவாச்சும் ரெண்டு குடுப்பேன்."

"அதான் தங்கச்சி. அது பூரா எண்ணெய். கொழுப்பு கெட்டிரும். இனி தொடவே கூடாது. தினை ஒரு கரண்டி, கொத்தமல்லித் தழை, வெள்ளரிக்கா. தண்ணில இந்தச் சத்துமருந்து ரெண்டு சொட்டு விட்டுரு. உடம்பு இறங்கிரும்."

பத்தியம் தொடங்கியது. மனுஷருக்குச் சர்க்கரை வந்தால் ஊர் எப்படி ஆளுக்கொரு மருந்து சொல்லுமோ அப்படிச் சிலுப்பிக்கும் சொன்னது. கொள்ளு கொடுத்தால் இளைக்கும் என்றாள் ஒருத்தி, கூட்டுக்குள் ஊஞ்சல் கட்டி ஆடவிடு என்றாள் இன்னொருத்தி, மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை தீர்த்தம் தெளித்துப் பார்த்தார். சிலுப்பி கொள்ளையும் தின்றது, ஊஞ்சலையும் அறுத்தது, தீர்த்தத்தில் குளித்தது, வாரத்துக்கு வாரம் கனத்துக்கொண்டே போனது.

கனத்தால் என்ன செய்வது, ஊர் அதற்கும் வழி பண்ணியது. வெல்டிங் கடைக்காரன் மரக்கம்புக்குப் பதிலாக இரும்புக்குழாய் வைத்துக் கூடு பண்ணிக் கொடுத்தான். விசைப்படகுச் சங்கத்தார் வலை இழுக்கிற கப்பியைக் கொண்டுவந்து மாட்டினார்கள், காலையில் வெயிலுக்குக் கூட்டை வெளியே இறக்கவும் மாலையில் உள்ளே ஏற்றவும் அந்தந்த நேரத்தில் தெருவில் போகிற ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கை பிடித்துவிட்டுப் போனார்கள். மாதம் ஒருமுறை ஏலக்கூடத்துத் தராசில் நிறுத்தார்கள், சூரை மீனுக்கும் நெத்திலிக்கும் நடுவே சிலுப்பியின் எடையையும் உரக்கக் கூவினார்கள். கடைசியில் சிமெண்டுத் தரை கீறல்விட்டு, கருங்கல் பலகை ஒன்று போட வேண்டியதாயிற்று. அந்தக் குச்சிக்கால் எப்படி அவ்வளவையும் தாங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை, அதைவிடப் பெரிய பாரத்தைச் சுமக்கிற பெண்கள் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருத்தி இருந்தார்கள்.

கண்டுபிடித்தது அமலோற்பவம்தான். தெருத்தெருவாக மீன் விற்றுத் தலைச்சுமையிலேயே எடை சொல்லிவிடக்கூடியவள். ஒருநாள் கித்தேரி ஓட்டைச் சுரண்டி ஊட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், ஊட்டும் முன்பும் ஊட்டிய பின்பும் கூட்டின் அடியில் கைகொடுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி கித்தேரி, இது தினையில கூடல. ஓட்டுல கூடுது."

"ஓட்டுல என்னக்கா இருக்கு, காத்து மாதிரி இருக்கு."

"அந்தத் தண்ணிக்குள்ள யாரு கிடக்கா? அங்கேருந்துதான வருது ஓடு. கடல் உன் மாப்பிள்ளைய மொத்தமாத் தர முடியாம கொஞ்சங் கொஞ்சமாத் தருதுட்டி."

கித்தேரி கத்தியைக் கீழே வைத்தாள். அமலோற்பவம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, எழுந்து நேரே பஸ்ஸுக்குப் போனாள், சாயந்தரம் கூடும் குருவியுமாக வந்து இறங்கினாள். அது பச்சைக் குருவி. அந்த மாதத்திலேயே, கடலுக்கு ஆளைக் கொடுத்த வீடுகளிலெல்லாம் கூடு தொங்கியது. புருஷனைக் கொடுத்தவள், தம்பியைக் கொடுத்தவள், இருபது வருஷத்துக்கு முன்னால் தகப்பனைக் கொடுத்தவள் எல்லோரும் விடியற்காலையில் கரையில் குனிந்து நடந்தார்கள், ஒரு ஓட்டுக்கு இரண்டு பேர் கை நீட்டிச் சண்டை போட்டார்கள், வீட்டுக்கு வந்து சுரண்டிச் சுரண்டி ஊட்டினார்கள். குருவிகள் நன்றாகத் தின்றன, நன்றாகப் பாடின, வாங்கிவந்த அன்று இருந்த எடையிலேயே இருந்தன. கசாலி பாய்க்கு மட்டும் அந்த வருஷம் வீட்டுக்கு மாடி எடுக்க முடிந்தது.

இதெல்லாம் வெளியே நடந்தது. கித்தேரி வீட்டுக்குள் நடந்தது வேறு. சிலுப்பியின் எடை அறுபதைத் தாண்டியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் அறுபத்துநாலு தெரியும், அதனால் எல்லோரும் அவளைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். சாமியார் ஒருநாள் வந்து கல்பலகையருகே நின்று, கல்லறையில் மேற்குப்பக்கம் ஓர் இடம் பார்த்துவைத்திருப்பதாக மெதுவாகச் சொன்னார். அன்றைக்குத்தான் கித்தேரி கூட்டிலிருந்த ஓட்டைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். இன்னும் மூன்றோ நாலோ கிலோ, அது சேராதவரைக்கும் தொம்மை வந்துசேரவில்லை, வந்துசேராதவரைக்கும் சாகவில்லை. அவள் கணக்கு அவ்வளவுதான். கரைக்குப் போவதை நிறுத்தினாள். அவள் போகாததால் ஓடுகள் அவள் வாசல்வரை வந்தன, அலைக்கு எட்டாத இடத்தில் காலையில் பார்த்தால் வெள்ளையாகக் குவிந்து கிடந்தன. விளக்குமாற்றால் தள்ளினாள். தினையோடு கலந்து கொடுத்துவந்த முட்டை ஓட்டுத்தூளையும் நிறுத்தினாள், சத்துமருந்தையும் நிறுத்தினாள், வெறும் தினையும் தண்ணீரும்தான்.

அமலோற்பவம் வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"கடல் வாசல்ல கொண்டாந்து குடுக்கத வாருகோலால தள்ளுதியே, நீ பொம்பளையா? நான் நாலு மாசமா ஊட்டுதேன், ஒரு அரிசி கனம் கூடல எனக்கு. உனக்கு வந்து நிக்காவ, நீ கதவ அடைக்க."

"எனக்கு அவிய பொணமா வேண்டாம்க்கா."

"எனக்கு எப்படியும் வேணும்ட்டி. எப்படி வந்தாலும் வேணும்" என்ற அமலோற்பவம் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். கித்தேரி கதவைச் சாத்தினாள், சாத்திய கதவில் சாய்ந்து அவளும் அழுதாள்.

சேவல் துணை இல்லாமலே கோழி முட்டையிடுவதைப்போல இந்தச் சாதிக் குருவியும் ஒற்றையிலேயே முட்டை வைக்கும், அது பொரியாது, ஆனாலும் வைக்கும். தவக்காலத்தில் ஒருநாள் காலையில் சிலுப்பி குழாயிலிருந்து இறங்கி, கூட்டின் மூலையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தது. வால் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. கண் பாதி மூடியிருந்தது. ஆளைக் கண்டும் சிலுப்பவில்லை. கித்தேரி ஆள் அனுப்பிக் கசாலி பாயை வரவழைத்தாள்.

அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். "முட்டை உள்ள சிக்கிக்கிச்சும்மா. முட்டை ஓடு இறுகச் சுண்ணாம்பு இல்ல, முக்கித் தள்ளவும் தெம்பு இல்ல. ஓடு குடுக்கதில்லையா நீ?"

கித்தேரி கிண்ணத்திலிருந்த வெறும் தினையைக் காட்டினாள்.

அவர் கொண்டுவந்த கால்சியம் சொட்டை அலகில் விட்டார், சிலுப்பி துப்பியது. மறுபடியும் விட்டார், மறுபடியும் துப்பியது. "சாயந்தரம் வரைக்கும் தாங்குனா பெரிசு" என்றார், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுக்கச் சொல்லிவிட்டு எழுந்துகொண்டார்.

வறுத்த உப்பின் வாசம் வீடெங்கும் ஏறியது. பொட்டலத்தைச் சிலுப்பியின் வயிற்றருகே வைத்துக்கொண்டு கித்தேரி உட்கார்ந்திருந்தாள். அவன் கையால் வாங்கிவந்தது, அவன் வைத்த பெயர், அவன் கத்தி. அவனைச் சாகவிடக் கூடாது என்று அவன் குருவியையே சாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குப் புரிந்தது. எழுந்து கரைக்கு ஓடினாள்.

கரை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. வாசலில் குவிந்தவற்றை மற்ற வீட்டுப் பெண்கள் அள்ளிப் போயிருந்தார்கள், கடல் புதிதாக எதையும் தரவில்லை. உச்சி வெயிலில் ஊர் முனையிலிருந்து முனைக்கு நடந்தாள். ஒரு துண்டு இல்லை. பிறகு முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள், அவன் போன நாளிலிருந்து ஒருமுறைகூட அவள் கடலிடம் எதுவும் கேட்டதில்லை, கேட்டால் ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று கேட்டதில்லை.

"உசுரோட இருக்கியன்னா, எங்கெயாச்சும் நல்லா இருங்க" என்றாள். "இல்லன்னா நம்ம குருவிக்கு ஒரு ஓடு குடுங்க. அது துடிக்கு."

கடல் கொஞ்சநேரம் சும்மா இருந்தது. அவளுக்கு அந்தக் கொஞ்சநேரம் போதும்போல் இருந்தது, அப்படியே சும்மா இருந்துவிடாதா என்றிருந்தது. அதற்குள் ஓர் அலை வந்து காலருகே வெள்ளையாக ஒன்றை வைத்துவிட்டுப் போனது.

அழுதுகொண்டே சுரண்டினாள், தண்ணீரில் குழைத்து அலகில் தடவினாள். சிலுப்பி நக்கியது, இன்னும் கேட்டது, முழு ஓட்டையும் தின்றது. வெயில் சாய்கிற நேரத்தில் உடம்பை ஒருமுறை முறுக்கியது, கூட்டின் அடித்தகடு சத்தத்தோடு கிழிந்தது, கருங்கல் பலகையில் ஒரு கீறல் ஓடியது. சிலுப்பி விருட்டென்று பறந்து உத்திரத்தில் போய் உட்கார்ந்தது. அது பறந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

கல்லின் மேல் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிதாக, பால் வெள்ளையில் ஒரு முட்டை. கித்தேரி இரண்டு விரலால் எடுக்கப் பார்த்தாள், அசையவில்லை. இரண்டு கையையும் அடியில் கொடுத்து, முதுகை வளைத்து, மூச்சைப் பிடித்து இழுத்தாள். அந்தக் கனம் அவளுக்குத் தெரியும். பாஸ்கு திருவிழாவில் குடித்துவிட்டு வாசலில் கிடந்தவனைத் திட்டிக்கொண்டே அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்ட கனம், காமாலையில் கக்கூஸுக்குத் தூக்கிக்கொண்டு போன கனம், தூக்கத்தில் புரண்டு தன்மேல் விழும்போது தள்ளிவிட மனமில்லாமல் தாங்கிக்கிடந்த கனம். தராசு கொண்டுவரட்டுமா என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களிடம் வேண்டாம் என்றாள்.

"எனக்குத் தெரியும். அவியதான்" என்று சொல்லிவிட்டு, ஒரு வருஷத்துக்கும் மேலாக அடக்கிவைத்த ஒப்பாரியை எடுத்தாள்.

முழு ஆளுக்கான பெட்டிதான் செய்தார்கள். தொம்மை இடுப்பில் உடுத்திய சாரத்தை விரித்து, சட்டையைச் சுருட்டிப் பள்ளம் பண்ணி முட்டையை அதில் வைத்தார்கள். ஆறு பேர் தூக்கினார்கள், வழியில் தோள் மாற்றினார்கள், குழியில் இறக்கும்போது கயிறு கையை அறுத்தது. சொன்ன சொல்லுக்காகக் குழியின் முதல் மண்ணைக் கித்தேரி தானே வெட்டியிருந்தாள். சாமியார் பெயரைச் சொல்லி மந்திரித்தார். ஊரே மண் போட்டது. அமலோற்பவம் மட்டும் கல்லறை வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை, மண் போடவில்லை, யாரையும் பார்க்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கித்தேரி கரைக்குப் போனாள். போக வேண்டிய காரியம் இல்லை, கால் பழகிவிட்டது. ஒரு ஓடு கிடந்தது, எடுத்துக்கொண்டாள். சிலுப்பி அவள் தோளில் உட்கார்ந்திருந்தது, இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவ்வளவு லேசு. வீட்டுக்குப் போகாமல் அமலோற்பவத்தின் கதவைத் தட்டினாள். ஓட்டை நீட்டினாள். அமலோற்பவம் வாங்கிக்கொண்டாள், கத்தியை எடுத்தாள், பச்சைக் குருவிக்குச் சுரண்டி ஊட்டினாள். ஊட்டி முடித்ததும் அமலோற்பவம் கூட்டைக் கொக்கியிலிருந்து எடுத்து இரண்டு கையிலும் ஏந்திப் பார்த்தாள், மறுபடியும் ஏந்திப் பார்த்தாள். தலையில் மீனை வைத்ததுமே எடை சொல்லிவிடுகிற அந்த அமலோற்பவம் கித்தேரியிடம் கூட்டை நீட்டினாள்.

"நீ தூக்கிப் பாரு கித்தேரி. உனக்குத்தான் அந்தக் கனம் தெரியும். கொஞ்சம் கூடியிருக்குல்லா?"

கித்தேரி கூட்டை வாங்கினாள். இறகும் கம்பியும்தான் இருந்தன. கையை மெல்லக் கீழே தாழவிட்டாள், முதுகைக் கொஞ்சம் வளைத்தாள், மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாக்கா" என்றாள். "கூடியிருக்கு."